பதினாலு வீட்டு வயிறு

திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு மேட்டில் ஆறுச்சாமி லைன் என்று ஒரு லைன் வீடு உண்டு. எதிரும் புதிருமாக ஏழும் ஏழும் பதினாலு வீடு, முகப்பில் ஓனர் ஆறுச்சாமியின் மாடி வீடு, எல்லாவற்றையும் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு மதில், மதிலுக்கு ஒரே ஒரு இரும்பு கேட்டு, நடுவாசலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அந்த லைனில் ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரி பவளக்கொடி. கல்யாணமான கையோடு கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அதாவது தைத்து வருகிற துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து வைத்து, ஓட்டையும் பிசிறும் இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. புருஷன் தவசி பட்டறையில் துணிமூட்டை ஏற்றி இறக்குகிறவன். மகள் கயல்விழி எட்டாம் வகுப்பு.

அந்த வருஷம் கடல் தாண்டி வரவேண்டிய ஆர்டர் வரவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனி ஒரு ஷிப்ட் ஆயிற்று, ஒரு ஷிப்ட் வாரத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. சம்பளம் இறங்க இறங்க மற்றதெல்லாம் ஏறியது. தக்காளி ஏறியது, அது இறங்குவதற்குள் வெங்காயம் ஏறியது, எண்ணெய் ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது, சிலிண்டர்க்காரன் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டே விலை சொன்னான். நூறு கிராம் பருப்பை நாலு நாளைக்கு இழுத்தவள் பவளம். சாம்பாரில் காயைக் குறைத்தாள், பிறகு பருப்பைக் குறைத்தாள், பிறகு சாம்பாரையே குறைத்துப் புளித்தண்ணி ஆக்கினாள், கடைசியில் குறைப்பதற்கு எதுவும் இல்லாமல் தன் தட்டைக் குறைத்தாள்.

ஒரு புதன்கிழமை காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தவசி கேட்டான்.

"சம்பாதிச்சுக் கொட்டுறது எல்லாம் எங்கதான் போகுது? நீ ஒழுங்கா வீட்டைப் பாத்தா இப்படி ஆகுமா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். அன்றைக்குக் கம்பெனியில் வேலை இல்லை. மகளும் பள்ளிக்கூடம் போனாள். பவளம் தனியாக அடுப்படியில் நின்று, மூன்று பேர் ராத்திரி வரைக்கும் தின்னவேண்டிய சோற்றுச் சட்டியைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, சட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புளிக்குழம்பைக் கவிழ்த்தாள். பிசைந்தாள். எங்க போகுதா, எங்க போகுதா என்று ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டே, அடிப்பிடித்த பருக்கை வரை சுரண்டித் தின்றாள். மாசக்கணக்கில் பாதி வயிறாகக் கிடந்தவளுக்கு வயிறு நிறைந்தது. நிறைந்ததும் அழுகை வந்தது. சாயங்காலம் பிள்ளைக்கு என்ன வைப்பேன் என்று சட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் கயல் வந்தாள். பையை வீசினாள். வந்ததும் வராததுமாக அடுப்படிக்கு ஓடுகிற பிள்ளை, அன்றைக்கு ஓடவில்லை.

"எனக்குப் பசிக்கலைம்மா."

"பொய் சொல்லாதடி."

"நிசமா. கேட்டுக்குள்ள வர்ற வரைக்கும் பசிச்சுச்சு. உள்ள வந்ததும் வயிறு நெறஞ்சிருச்சு."

தவசியும் வந்து, சோறு கேட்காமல், நீளமாக ஒரு ஏப்பம் விட்டுப் பாயை விரித்தான். பத்தாம் நம்பர் வீட்டு ரெஜினா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். திண்டுக்கல்காரி, பவளத்துக்கு அந்த லைனில் கூடப்பிறக்காத தங்கச்சி.

"ஏக்கா, மத்தியானத்துலருந்து வயிறு திம்முனு இருக்கு. ஏப்பம் விட்டா புளிக்குழம்பு வாசம் வருது. எங்க வீட்ல இன்னைக்குக் கஞ்சிதான்க்கா."

இப்படியே பதினாலு வீட்டிலும் புளிக்குழம்பு ஏப்பம். காரணம் பிடிபட மூன்று நாள் ஆயிற்று. கண்டுபிடித்தவர் முதல் வீட்டு சோலைமலை அண்ணன். தனி ஆள், டெய்லர், சர்க்கரை வியாதிக்காரர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். பவளத்தின் கையில் கடலைமிட்டாய் ஒன்றைக் கொடுத்து, வீட்டைச் சாத்திக்கொண்டு தின்னச் சொன்னார். அவள் உள்ளே தின்றாள். வெளியே குழாயடியில் நின்ற முப்பது நாற்பது பேருக்கும் நாக்கில் ஒன்றுமில்லை, வயிற்றில் மட்டும் ஒரு துண்டு கடலைமிட்டாய் இறங்கியது. பிறகு ரெஜினா தன் வீட்டில் ஒரு தட்டு சோறு தின்று பார்த்தாள். அது கிணற்றில் போட்ட கல் மாதிரி எங்கேயோ போயிற்று. அவளுக்கும் நிறையவில்லை, வேறு யாருக்கும் நிறையவில்லை. ஆக, மதிலுக்குள் இருக்கிற வயிறு எல்லாவற்றுக்கும் இனிப் பவளத்தின் வாய் ஒன்றுதான் வழி என்று தெரிந்துபோயிற்று.

அதிசயம் என்று யாரும் மலைக்கவில்லை. தக்காளி விலைக்கு மலைத்து மலைத்தே அவர்களுடைய மலைப்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. முதலில் பேசியவள் ஆறாம் வீட்டுக்காரி.

"அப்ப ஒரு சிலிண்டர் எத்தன மாசத்துக்கு வரும்?"

குழாயடியிலேயே பேசி முடித்தார்கள். நாளுக்கு ஒரு வீடு முறை. முறைவீட்டுக்காரர் காலையில் ஒரு தட்டு, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு தட்டு, பவளத்துக்குக் கொண்டுவந்து வைக்கவேண்டியது. மற்ற பதிமூன்று வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டியதில்லை. ஓனர் வீடும் மதிலுக்குள்தானே இருக்கிறது, அவரையும் சேர்த்துப் பதினைந்து என்று ரெஜினா சொன்னாள். எல்லாரும் மாடி வீட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். முறை பதினாலோடு நின்றது.

முதல் மாசம் திருவிழா மாதிரி இருந்தது என்றால் பொய்யில்லை. அடகுக் கடையிலிருந்து இரண்டு தோடு வீடு திரும்பியது. கயலுக்குப் புதுச் செருப்பு வந்தது. சோலைமலை அண்ணன் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட கண்ணாடியை மாற்றினார். தவசி, நீ ஒழுங்கா வீட்டைப் பாக்கிறியா என்று கேட்பதை விட்டான்.

ஆனால் ஒரு வாய்க்கு நாற்பது பேர் சொந்தக்காரர் ஆனால் அந்த வாய் என்ன பாடுபடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பவளம் பச்சைமிளகாயைக் கடித்தால் நாலாம் வீட்டு மூலநோய்க்காரர் மதிலைப் பிடித்துக்கொண்டு முனகினார். பாயசம் குடித்தால் சோலைமலை அண்ணனுக்குத் தலை சுற்றியது. புரட்டாசியில் கறி கூடாது என்று எட்டு வீடு சொன்னது, புரட்டாசி எங்களுக்கு என்ன என்று மூன்று வீடு கேட்டது. ரெஜினாவின் தவக்காலத்துக்கு நாற்பது நாள் மீனோடு நிறுத்தவேண்டி வந்தது. ஆறாம் வீட்டுக்காரிக்குக் கத்திரிக்காய் அரிப்பு, பன்னிரண்டாம் வீட்டுக்காரனுக்கு முட்டை வாய்வு. எல்லாருக்கும் ஆகாததைக் கழித்துக் கழித்து, கடைசியில் பவளத்தின் தட்டில் மிஞ்சியது ஆஸ்பத்திரிச் சோறு. அவள் மெதுவாகத் தின்றால் வேலைக்கு நேரமாகுது என்றார்கள். வேகமாகத் தின்றால் செரிக்க மாட்டேங்குது, நல்லா மென்னு முழுங்குக்கா என்றார்கள். காய்ச்சல் வந்து ஒரு நாள் கஞ்சியோடு படுத்ததற்கு ஏழாம் வீட்டுக்காரன், அன்றைக்கு லோடு ஏற்ற முடியாமல் அரை நாள் சம்பளம் போயிற்று என்று வாசலில் நின்று சத்தம் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் இதைவிடக் கொடுமை. எல்லாரும் சேர்ந்து கால்கிலோ கறி எடுப்பார்கள். கால்கிலோ போதும், அவள் ஒருத்திதானே தின்கிறாள். அவள் வாசலில் லைன் பிள்ளைகள் மொத்தமும் வந்து உட்கார்ந்து, அவள் கையையும் வாயையும் பார்க்கும்.

"அத்தை, இப்ப வாய்க்குள்ள இருக்கிறது எலும்பா, கறியா?"

"கறி."

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா எப்படி?"

அவள் சொல்லிப் பார்ப்பாள். மிளகு முன்னால் வருது, அப்புறம் கொழுப்பு உருகுது என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லுவாள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். வயிறு நிறைந்து எழுந்து போகும். நாக்கு காய்ந்து எழுந்து போகும். அவற்றோடு உட்கார்ந்து கயலும் கேட்டுவிட்டு எழுந்து போவாள். அந்தக் கறி பவளத்துக்கு மண்ணாக இறங்கும்.

ஒருநாள் தவசியிடம் சொன்னாள். "என்னால முடியலங்க. பசிக்கவே மாட்டேங்குது, ஆனா திங்க வேண்டியிருக்கு."

அவன் சிரித்தான். "உனக்கு என்ன குறைச்சல்? ஊரெல்லாம் ஓடி ஓடிச் சாகுது. உனக்கு உக்காந்து திங்கிற வேலை."

இப்படி வாயைக் கட்டி, நாக்கைக் காயப்போட்டு மிச்சம் பிடித்த காசு, எந்த வீட்டிலும் நாலாவது மாசத்தைப் பார்க்கவில்லை. செய்தி மதிலைத் தாண்டியிருந்தது. உங்க லைன்லதான் சோத்துச் செலவு இல்லியே என்று கம்பெனியில் டீ பன்னுக்குக் கொடுத்த படியை நிறுத்தினார்கள். முக்கு மளிகைக்கடை அண்ணாச்சி, பதினாலு வீட்டு யாவாரமும் போச்சே, நான் எங்க போவேன் என்று சோப்புக்கும் சீயக்காய்க்கும் இரண்டு இரண்டு ரூபாய் சேர்த்துப் போட்டார். அப்புறம் ஒருநாள் காலை, ஓனர் ஆறுச்சாமி வெள்ளை வேட்டியும் துண்டுமாகக் குழாயடிக்கு வந்து நின்றார்.

"எல்லாரும் சவுரியமா இருக்கறீங்ளா? செரி. வர்ற மாசத்துலருந்து வாடகை ஐநூறு சேத்துக் குடுத்துருங்."

"என்னங்க ஓனரே, போன வருசம்தான ஏத்துனீங்க?" என்றார் சோலைமலை அண்ணன்.

"ஏத்துனேன். அப்ப சோறு ஆக்கித் தின்னீங்க. இப்பத்தான் அந்தச் செலவு இல்லீங்ளே. இது என்ற எடத்துல நடக்கற சங்கதி. மதுலு என்ற மதுலு. ஊருக்குள்ள வேற எங்கயாவது போய் இருந்து பாருங், வகுறு நெறையுதான்னு."

அவர் பேசப் பேச, காலையில் பவளம் தின்ற பழையசோற்று வெங்காயத்தின் வாசம் அவர் வாயிலிருந்து வந்தது. பவளத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் வீட்டம்மாவும் அடுப்பு மூட்டி மாசம் மூன்று ஆகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாரும் அதைச் சொல்லவில்லை. பவளமும் சொல்லவில்லை. சொல்லாத அந்தச் சொல் அன்று முழுக்க அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. சாயங்காலத் தட்டை அந்த முள்ளுக்கு மேலேயே தின்று இறக்கினாள்.

வாடகையோடு விட்டாரா என்றால் இல்லை. தகரம் போட்டு மேலே நாலு ரூம் எழுப்பினார். சோறு ஆக்க வேண்டாத வீடு என்று சொல்லியே அட்வான்ஸ் வாங்கினார். பதினாலு பதினெட்டு ஆயிற்று. அதுவரை ஒரு தட்டில் நிறைந்த வயிறுகள் இப்போது பாதியில் நின்றன. பத்து மணிக்கே மிஷினில் கை நடுங்கியது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சில் சாய்ந்தன. அதனால் பவளம் இரண்டு தட்டுத் தின்றாள். பிறகு மூன்று. காலையில் மூன்றும் மாலையில் மூன்றும் தின்று முடிக்கவே பொழுது போயிற்று, கம்பெனிக்குப் போவது நின்றது. உடம்பு ஊதியது. குழாயடிக்குப் போய் ஒரு குடம் தூக்கி வருவதற்குள் மூச்சு இரைத்தது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தாள்.

"பிரஷர், சுகர் ரெண்டும் ஆரம்பிச்சிருச்சு. எவ்வளவு சாப்பிடறீங்க? பாதியாக் குறைங்க. இல்லைன்னா உசுருக்கு ஆபத்து."

பவளம் சீட்டைக் கொண்டுவந்து குழாயடியில் காட்டினாள். ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள்.

"பாதியாக் குறைச்சா பிள்ளைக என்னக்கா பண்ணும்?" என்றாள் ரெஜினா. அவள் கெட்டவள் இல்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டேதான் சொன்னாள். "மாத்திரை போட்டுக்கங்கக்கா. மாத்திரைக்கு நாங்க வீட்டுக்கு வீடு வசூல் பண்ணித் தாறோம்."

பவளம் அவளைப் பார்த்தாள். வைது தீர்த்துவிடலாம் போல இருந்தது. ஆனால் தோளில் கிடந்த குழந்தை, தான் காலையில் தின்ற இட்லியில் உறங்குகிற குழந்தை. அதைப் பார்த்தபின் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஏழாவது மாசம் ஆறுச்சாமி மறுபடியும் குழாயடிக்கு வந்தார், இந்தத் தடவை எண்ணூறு. மனசுக்குள் கூட்டிப் பார்த்த பவளத்துக்கு ஒன்று விளங்கியது. ஆர்டர் நின்ற வருஷத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் என்று சோற்றுக்கு என்ன செலவானதோ, அது இப்போது வாடகையாகவும் மாத்திரையாகவும் சோப்பு விலையாகவும் போய்க்கொண்டிருக்கிறது. கையில் நிற்பது அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அன்றைக்காவது அரைவயிற்றுச் சோற்றை வாயில் போட்டு மென்றார்கள். இப்போது அதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் சோலைமலை அண்ணன் ஒரு வழி சொன்னார். "ஓனருக்கும் நீதானே ரேசன்? நீ சாப்பிடாத தாயி. அவருக்கும் வயிறு காயும். ரெண்டு நாள்ல இறங்கி வந்துருவாரு."

"பிள்ளைக?"

"ரெண்டு நாள் கடையில பன்னு வாங்கிக் குடுத்து, கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுத் திங்க விட்டுக்கலாம்."

மறுநாள் பவளம் சாப்பிடவில்லை. மத்தியானம் ஆவதற்குள் ஓனரும் அவர் வீட்டம்மாவும் ஒரு பையோடு கார் ஏறி, கோயம்புத்தூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மதிலைத் தாண்டிவிட்டால் யார் வயிறும் அவரவர் வயிறு. பன்னுக்குக் காசு ஒரு வேளையோடு தீர்ந்தது. பெரியவர்கள் படுத்துக் கிடந்தார்கள். பால் வற்றிய ரெஜினாவின் மார்பில் குழந்தை முட்டி முட்டி அழுதது. ஒன்பதாம் நம்பருக்கும் பத்தாம் நம்பருக்கும் நடுவே இருப்பது ஒற்றைக்கல் சுவர். மறுநாள் உச்சிவரை அந்த அழுகையைக் கேட்டவள், எழுந்து போய் ஒரு குண்டான் சோற்றைத் தின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை நின்றது.

மூன்றாம் நாள் ஆறுச்சாமி திரும்பி வந்தார். நல்ல உறக்கம் உறங்கிய முகம்.

"என்னம்மிணி, விரதமெல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு மாடி ஏறினார்.

அதற்குப் பிறகு பவளம் நாலைந்து நாள் வைத்ததைத் தின்றாள், மாத்திரையைப் போட்டாள், மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. முறைவீட்டுக் கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோதே அவள் தன் கைக்காசில் வாங்கி வந்த அரிசியை ஒரு ஆழாக்குப் போட்டு வடித்தாள். பருப்பைக் கடைந்து, சீரகமும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினாள். தூக்குவாளியில் சோற்றையும் மேல்தட்டில் பருப்பையும் எடுத்துக்கொண்டு, நடுவாசல் வழியாக நடந்து, கேட்டைத் திறந்து வெளியே போனாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாக்கடைக்கு மேல் ஒரு சிமெண்டுப் பலகை கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். பிசைந்தாள். உச்சி வெயில் தலையில் இறங்கியது.

ஏழெட்டு மாசமாக அவளுக்குத் தன் பசி என்று ஒன்று வந்ததில்லை. கேட்டைத் தாண்டியதும் அது வந்திருந்தது. சின்னதாக, அவள் ஒருத்தி அளவுக்கு. முதல் கவளம் உள்ளே இறங்கியபோது அது எங்கேயும் பிரியாமல், யாருக்கும் போகாமல், அவள் வயிற்றில் போய் உட்கார்ந்ததை உணர்ந்தாள்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் லைனே திரண்டுவிட்டது.

"என்னக்கா இது? உள்ள வந்து சாப்பிடுங்க!" என்று கத்தினாள் ரெஜினா. "எங்களுக்கு ஒண்ணும் இறங்கலை!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா செய்யிற? எங்க வயித்துல அடிக்கிறியே!" என்றான் ஏழாம் வீட்டுக்காரன்.

தவசி ரோட்டைத் தாண்டி வந்தான். ஊர் பார்க்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "கூத்தடிக்காத. எந்திரி."

"பசிக்குதுங்க. சாப்பிட்டு எந்திரிக்கிறேன்."

"அத்தன பேரு பசியா நிக்கிறாங்க."

"நானும் பசியாத்தான் வந்தேன். என் பசிக்கு நான் திங்கிறேன். அவங்கவங்க பசிக்கு அவங்கவங்க தின்னு பாக்கட்டும். இறங்குதா இல்லியான்னு எனக்கும் தெரியாது. இறங்கலைன்னா வந்து என்னை அடிச்சுக் கொல்லுங்க."

சொன்னதைவிடப் பயம் அவளுக்கு அதிகம். சுவருக்கு அந்தப் பக்கத்துக் குழந்தையின் சத்தம் இன்னும் காதில்தான் இருந்தது. ஆனாலும் தூக்குவாளி காலியாகும் வரை தின்றாள். வயிறு நிறைந்ததும் கை தானாக நின்றது.

ஓனர் ஆறுச்சாமியே இறங்கி வந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வா கண்ணு. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம். இந்த எண்ணூத்தை வேணா விட்டுர்றேன்."

"விடுங்க. விட்டாலும் இனி நான் என் ஒரு வயித்துக்குத்தான் திம்பேன்."

"அப்ப எதுக்கு விடோணும்?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பிப் போனார்.

வெயில் தாழ்ந்தது. யாரும் அடுப்பை மூட்டவில்லை, மூட்டினால் அவள் வரமாட்டாள் என்று பிடிவாதமாக இருந்தார்கள். கடைசியில் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வந்த சோலைமலை அண்ணன்தான், டப்பாவில் பழசாகக் கிடந்த ஒரு ரஸ்க்கை எடுத்துக் கடித்தார். கடிக்கத் தாடை வலித்தது. மென்றார். விழுங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

"இறங்குதுப்பா," என்றார். "எனக்கு இறங்குது."

முதல் அடுப்பு ரெஜினா வீட்டில் எரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லா வீட்டிலும். எலி கடித்த கேஸ் டியூப்பை மாற்றப் பணம் இல்லாதவர்கள் வாசலில் கல்லைக் கூட்டி அட்டைப்பெட்டியை எரித்தார்கள். லைன் முழுக்கப் புகை. பவளத்தை ஏசிக்கொண்டே அரிசி களைந்தார்கள், ஏசிக்கொண்டே ஊதினார்கள், ஏசிக்கொண்டே தின்றார்கள். பிள்ளைகள் மெல்லத் தெரியாமல் புரையேறி இருமியது ரோட்டு வரைக்கும் கேட்டது.

எட்டு நாள் பவளம் ரெண்டு வேளையும் அந்தச் சிமெண்டுப் பலகையில்தான் சாப்பிட்டாள். ஒன்பதாம் நாள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு வாய் தின்றுவிட்டு, ஒற்றைக்கல் சுவரைத் தட்டிக் கேட்டாள்.

"ரெஜினா, ஏப்பம் வருதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வரலைக்கா," என்றாள் ரெஜினா. அந்தக் குரலில் இருந்தது வருத்தமா கோபமா என்று சொல்ல முடியாது. அதன் பிறகு ஒரு மாசத்துக்கு அவள் பவளத்தோடு பேசவில்லை.

மாடி ரூம் நாலும் அந்த வாரமே காலி. சோறு ஆக்குவதானால் இந்தத் தகரத்துக்கு அடியில் எதற்கு வேக வேண்டும் என்று அவர்கள் போய்விட்டார்கள். சோலைமலை அண்ணன் பதினாலு வீட்டையும் கூட்டிக்கொண்டு போய் ஓனரிடம் நின்றார். பழைய வாடகைக்கு இறங்கச் சொன்னார்கள். ஆறுச்சாமி இறங்கினார், ஆனால் ஏற்றியதில் பாதிதான் இறங்கினார். மீதிப் பாதி அப்படியே நின்றது. டீ பன்னுக்கான படி திரும்பி வரவில்லை. அண்ணாச்சி கடையில் சோப்பு விலையும் இறங்கவில்லை. கேட்டதற்கு, ஏறின விலை எங்கயாவது இறங்கிப் பாத்திருக்கியா தாயி என்று அவர் பவளத்தையே கேட்டார். கம்பெனியில் வாரத்துக்கு நாலு நாள் வேலை வந்தது, பவளம் மறுபடி செக்கிங்கில் போய் நின்றாள். மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சம்பளத்துக்கு ஒரு நாள் முன்னால், மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். சோறும் கீரைத்தண்டுக் குழம்பும். சட்டியில் இருந்ததை மூன்று தட்டிலும் ஒரே அளவாகப் போட்டுவிட்டுப் பவளமும் அவர்களோடு உட்கார்ந்தாள். கயல் தலையைத் தூக்காமல் தின்றாள். இந்த ஒரு வருஷத்தில் பிள்ளை வளர்ந்திருந்தாள், மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. தட்டை வழித்துவிட்டு விரலைச் சூப்பினாள்.

"போதுமாடி?" என்று பவளம் கேட்டாள். எத்தனையோ மாசமாக அவள் யாரையும் கேட்க வேண்டியிராத கேள்வி. கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

"போதலைம்மா."

சட்டி காலி. தவசி கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பவளத்தின் தட்டைப் பார்த்தான்.

பவளம் தன் தட்டிலிருந்து ஒரு கை அள்ளி மகள் தட்டில் வைத்தாள். மீதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றாள். "உங்க தட்டுலயும் சோறு இருக்குல்ல?"